மோர்கன் வெள்ளி டாலரில் அச்சு வகை கண்டுபிடிப்பது எப்படி? அடியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

1888-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த மோர்கன் வெள்ளி டாலர் இரண்டை எடுத்து அருகருகே வையுங்கள். எடை ஒன்றுதான், வெள்ளி ஒன்றுதான், தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றில், நாணயத்தில் இருக்கும் லிபர்டி என்ற பெண் தலையின் உதடு சாதாரணமாக இருக்கிறது, மற்றதில் உதடு, மூக்கு, முகவாய் எல்லாம் இரட்டை இரட்டையாக நிற்கிறது. இந்த இரண்டாவது நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் 'ஹாட் லிப்ஸ்' என்பார்கள். அட்டவணையில் அதன் பெயர் 1888-ஓ வேம்-4 ('ஓ' நியூ ஆர்லியன்ஸின் எழுத்து). பெரும்பாலும் நன்றாகத் தேய்ந்த நிலையில்தான் கிடைக்கும், அப்படி இருந்தும் சாதாரண 1888-ஓ நாணயத்தைவிடப் பல மடங்கு விலை போகும். விற்பவர் பார்த்திருக்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள் என்றால் வெள்ளி விலைக்கே அது உங்கள் கைக்கு வந்துவிடும்.

வேம் என்பது லெராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் என்ற இரண்டு பேரின் பெயரிலிருந்து வந்த சொல். மோர்கன் டாலர்களையும் அதற்குப் பின் வந்த பீஸ் டாலர்களையும் ஒவ்வோர் அச்சாகப் பிரித்து எண் கொடுத்தவர்கள் இவர்கள். இன்றைக்கு அந்தப் பட்டியல் ஆயிரக்கணக்கில் நீள்கிறது. பார்த்துப் பயப்பட வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை பிடிபட்டுவிட்டால் ஒரு நாணயத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள்

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பகுதியைப் படித்துவிடுங்கள். மரக் கொழுக்கட்டை அச்சில் ஒரு விரிசல் விழுந்தால் கொழுக்கட்டையில் என்ன ஆகும்? மாவு அந்த விரிசலுக்குள் போய், வெளியே எடுக்கும்போது மெல்லிய வரம்பாக எழும்பி நிற்கும். அச்சில் பள்ளம் என்றால் பண்டத்தில் மேடு. நாணயமும் அப்படியே. எஃகு அச்சில் கீறலோ விரிசலோ விழுந்தால் நாணயத்தில் அது மேடாக வரும். நாணயம் வெளியே வந்த பிறகு பையில் உரசியோ கீழே விழுந்தோ பட்ட காயம் பள்ளமாக இருக்கும். லூப்பில், அதாவது கண்ணருகே பிடித்துப் பார்க்கும் உருப்பெருக்கியில், ஒரு கோடு தெரிந்ததும் முதல் கேள்வி இதுதான்: எழும்பியிருக்கிறதா, குழிந்திருக்கிறதா? எழும்பியிருந்தால் அச்சின் கதை, மேலே படியுங்கள். குழிந்திருந்தால் அந்த நாணயம் மட்டும் பட்ட அடி, விட்டுவிடுங்கள்.

மேடா பள்ளமா என்பதில் கண் ஏமாறும், எல்லாருக்கும் ஏமாறும். நாணயத்தை அப்படியே வைத்து விளக்கை மட்டும் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். மேடாக இருந்தால் விளக்குக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழும், பள்ளமாக இருந்தால் விளக்கு இருக்கும் பக்கத்துச் சரிவே இருட்டாகும்.

அச்சு எப்படிச் செய்தார்கள்

மோர்கன் காலத்தில் எல்லா நாணயச்சாலைகளுக்குமான அச்சுகளும் பிலடெல்பியாவில்தான் செய்யப்பட்டன. ஹப் என்ற மூல வடிவத்தை எஃகு உருளையின்மேல் அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் முழு வடிவமும் பதியாது, எஃகு இறுகிவிடும். அதனால் அதைச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டு, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஹப் இம்மி நகர்ந்திருந்தாலும் அச்சில் உருவம் இரட்டையாக விழும். ஹாட் லிப்ஸ் பிறந்தது அப்படித்தான்.

1921 நீங்கலாக, வருட எண் ஹப்பில் இருக்காது, எந்த நாணயச்சாலை என்று சொல்லும் சின்ன எழுத்தான மின்ட் மார்க்கும் இருக்காது. இரண்டையும் ஒவ்வோர் அச்சிலும் தனியாகப் பஞ்ச் வைத்து அடித்தார்கள். மனிதக் கை அடித்ததால்தான் ஓர் அச்சில் எண் கொஞ்சம் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம், வேறொன்றில் சாய்ந்து, சிலவற்றில் இரண்டு முறை அடித்த தடத்தோடு இருக்கிறது. நாம் தேடுவதில் பாதி இந்தக் கையின் தடம்தான்.

முன்னேற்பாடு

10 மடங்கு பெருக்கும் நல்ல லூப் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று, ஒற்றை விளக்கு ஒன்று. சீலிங்கில் நாலு ட்யூப்லைட் எரிகிற அறை சரிப்படாது, நிழல் கலைந்துவிடும். கீழே மெத்தென்ற துணி விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். துடைக்கவே துடைக்காதீர்கள். புளி, விபூதி, பற்பசை என்று வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் மேற்பரப்பு போய்விடும், திரும்ப வராது.

எடை போடுங்கள். 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம், கூடினாலோ இரண்டு கிராம் குறைந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். காந்தம் ஒட்டினாலும் அவ்வளவுதான்.

படி 1: வருடமும் மின்ட் மார்க்கும்

வருடம் தலைப் பக்கத்தில், கழுத்துக்குக் கீழே. மின்ட் மார்க் கழுகுப் பக்கத்தில், இலைவளையத்தின் நாடா முடிச்சுக்குக் கீழே, 'டாலர்' என்ற சொல்லின் 'டி', 'ஓ' எழுத்துகளுக்கு மேலே. அங்கே ஒன்றும் இல்லை என்றால் பிலடெல்பியா. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி, டி என்றால் டென்வர், அதுவும் 1921 மட்டும். 1878 முதல் 1904 வரையும் பிறகு 1921-லும் அடித்த நாணயங்களைத்தான் இங்கே பேசுகிறோம். வருடமும் மின்ட் மார்க்கும் தெரிந்தாலே பட்டியலில் உங்களுக்குத் தேவையான பக்கம் ஒன்றுதான், மற்றதை மூடிவைக்கலாம்.

படி 2: கழுகின் வால் இறகை எண்ணுங்கள்

1878 நாணயம் கையில் இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், இந்த வரிசை முழுவதிலும் ருசியான வருடம் இது. ஜார்ஜ் மோர்கன் முதலில் வடித்த கழுகுக்கு வாலில் 8 இறகு. நாணயம் அடிக்க ஆரம்பித்த சில நாட்களிலேயே வடிவத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது, இறகு 7 ஆனது. ஏற்கெனவே 8 இறகோடு செய்து வைத்திருந்த அச்சுகளைத் தூக்கிப் போடாமல், அவற்றின் மேலேயே 7 இறகு ஹப்பை அழுத்திவிட்டார்கள். அதனால் 1878 பிலடெல்பியாவில் மூன்று ரகம்: 8 இறகு, 7 இறகு, 8-இன் மேல் 7 இறகு.

மூன்றாவதைப் பார்க்கும் முறை இது. விளக்கை நாணயத்தின் அடிப்பக்கம், அதாவது 'ஒன் டாலர்' என்ற எழுத்துப் பக்கம் தாழ்வாக வையுங்கள். 7 இறகுகளின் நுனிக்குக் கீழே பாருங்கள். பின்னால் ஒளிந்திருக்கும் ஆளின் விரல் நுனி மாதிரி, சின்னச் சின்னக் கூர்கள் எட்டிப் பார்க்கும். எத்தனை நுனி தெரிகிறது, எந்த இறகுக்குக் கீழே தெரிகிறது என்பதை வைத்துத்தான் எந்த அச்சு என்று சொல்கிறார்கள், ஆகவே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலாக இதைப் பார்த்தபோது மூன்று நுனிகள் தெரிந்தன. அந்த எஃகுத் துண்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு வடிவம் இன்னும் மூச்சு விடுகிறது என்று தோன்றியது. இந்தப் பழக்கம் என்னை அன்றைக்குப் பிடித்ததுதான்.

7 இறகிலும் இரண்டு உண்டு. கழுகின் நகத்தில் உள்ள அம்புகளின் மேல் இறகைப் பாருங்கள். மற்ற அம்பிறகுக்கு இணையாகப் படுத்திருந்தால், கழுகின் மார்பும் தட்டையாக இருந்தால், அது 1878-இன் கழுகுப் பக்கம். மேல் அம்பிறகு சாய்ந்து, மார்பு புடைத்திருந்தால் அது 1879-இன் கழுகுப் பக்கம். 1879-எஸ், 1880-சிசி வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள், அவற்றில் சில பழைய 1878 கழுகோடு வந்திருக்கின்றன. 1879-எஸ்ஸில் பழைய கழுகு குறைவு, விலை வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படி 3: வருட எண்

நான்கு இலக்கத்துக்கும் உள்ளேயும் மேலேயும் கீழேயும் பாருங்கள். முதலில் மேலடிப்பு. பழைய வருட எண் இருந்த அச்சில் புது எண்ணை அடித்த இடம் இது. 1880-சிசி நாணயங்களில் சிலவற்றில் 8-க்குள் 7-இன் மிச்சம் தெரியும், 1887 பிலடெல்பியாவிலும் 1887-ஓவிலும் 7-இன் அடியில் 6-இன் வளைவு எட்டிப் பார்க்கும் அச்சுகள் உண்டு.

மேலடிப்பு இல்லாவிட்டாலும் எண்ணின் இடத்தைக் குறியுங்கள். நாணய விளிம்பின் உள்ளோரமாக வரிசையாகச் சின்னப் பற்கள் இருக்கின்றன அல்லவா, அதுதான் நமக்கு ஸ்கேல். முதல் 1-இன் அடி எந்தப் பல்லுக்கு நேர் மேலே, அல்லது எந்த இரண்டு பல்லுக்கு நடுவே நிற்கிறது? கடைசி இலக்கம் எங்கே நிற்கிறது? தேய்ந்த நாணயத்திலும் இந்த அளவு மாறாது. அதனால்தான் நல்ல பழக்கமுள்ளவர்கள் அலங்காரமான இரட்டிப்பை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்கிறார்கள்.

படி 4: மின்ட் மார்க்கை உள்ளே பாருங்கள்

கார்சன் சிட்டி 1893-உடன் நாணயம் அடிப்பதை நிறுத்தியது. அங்கே பயன்படாமல் கிடந்த சிசி அச்சுகளை வீணாக்காமல், அதே இடத்தின் மேல் ஓ-வை அடித்து நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 1900-ஓ நாணயங்களில் சிலவற்றில் ஓ-வின் இரண்டு பக்கமும் சிசி-யின் வளைவுகள் நிழல் மாதிரி தெரிவது இதனால்தான். சிலவற்றில் தெளிவாக, சிலவற்றில் வெறும் துணுக்காக. துணுக்கு மட்டும் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள், விளக்கைச் சுற்றிப் பாருங்கள்.

1882-ஓவில் எஸ்-இன் மேல் ஓ அடித்த மூன்று அச்சுகள் உண்டு, வேம்-3, 4, 5. ஓ-வின் ஓட்டைக்குள் குறுக்காக ஒரு கம்பி ஓடும், அது பழைய எஸ்-இன் நடுவுடம்பு. ஒன்றில் அந்தக் கம்பி ஓ-வின் மட்டத்துக்கே வந்து நிற்கும், ஒன்றில் உள்ளே தாழ்ந்து கிடக்கும், ஒன்றில் உடைந்திருக்கும்.

1879-சிசியில் வேறு கதை. சின்ன சிசி-யைச் சுரண்டிவிட்டுப் பெரிய சிசி-யை அடித்தார்கள், அந்த இடமே கரடுமுரடாகக் கொதகொதவென்று இருக்கும். யாரோ எழுத்தை ஒட்டவைத்த கள்ள நாணயம் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். அசல் நாணயம்தான் அது.

படி 5: நிஜ இரட்டையும் பொய் இரட்டையும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் பணம் விடுவது இங்கேதான். நானும் விட்டிருக்கிறேன். ஹாட் லிப்ஸ் என்று சொல்லி ஒருவர் காட்டிய 1888-ஓவை, மூக்கோரம் ஒரு இரட்டைக் கோடு தெரிந்த சந்தோஷத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் லூப்பில் பார்த்தால், அந்த இரண்டாவது கோடு தட்டையாக, பளபளவென்று, மாடிப்படியில் ஒரு படி மாதிரி இருந்தது. அச்சு இரட்டை அல்ல. நாணயத்தை அடித்து முடிக்கும் கணத்தில் அச்சு லேசாக ஆடி உலோகத்தை வழித்த தடம். அதற்குத் தனி மதிப்பு கிடையாது.

வித்தியாசத்தை இப்படி நினைவில் வையுங்கள். நிஜ இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு, சதையோடு இருக்கும், எழுத்தின் முனைகள் பாம்பு நாக்கு மாதிரி பிளந்து நிற்கும், கோடு மொத்தத்தில் தடித்திருக்கும். பொய் இரட்டையில் தட்டையான படி மட்டும் இருக்கும், அந்தப் படி மூலக் கோட்டிலிருந்து வெட்டி எடுத்ததுபோல் இருப்பதால் கோடு மெலிந்திருக்கும். தடித்தால் நிஜம், மெலிந்தால் பொய். இன்னொன்று, அச்சு ஆடிய தடம் நாணயத்துக்கு நாணயம் மாறும். நிஜ இரட்டை அந்த அச்சில் பிறந்த எல்லா நாணயத்திலும் அப்படியே இருக்கும்.

கழுகுப் பக்க இரட்டைக்கு நல்ல உதாரணம் 1901 வேம்-3, 'ஷிஃப்டட் ஈகிள்' என்பார்கள். வால் இறகுகள் இரண்டு வரிசையாக, லூப் இல்லாமலே தெரியும். ஒரு முறை நல்ல படத்தில் அதைப் பார்த்துவிடுங்கள், நிஜ இரட்டை எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிடும்.

படி 6: விரிசல், மோதல், கீறல்

அச்சு வயதாகும். வேம் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்து வருவது இதற்காகத்தான். அச்சு அதே, ஆனால் வாழ்க்கையில் அடுத்த கட்டம். 1888-ஓ வேம்-1பி-க்கு 'ஸ்கார்ஃபேஸ்' என்று பெயர். அச்சு பிளந்து, லிபர்டியின் முகத்தின் குறுக்கே கழுத்துவரை தடித்த தழும்பாக ஒரு மேடு ஓடுகிறது. இதைத் தேட லூப்பே வேண்டாம்.

மோதல் தடம் கொஞ்சம் நுட்பம். நடுவே வெள்ளித்தகடு இல்லாமல் இயந்திரம் ஒருமுறை இறங்கினால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். அமெரிக்க நாணயத்தில் தலைக்கு நேர் பின்னால் கழுகு தலைகீழாக இருக்கும். அதனால் தலைப்பட்டையில் இருக்கும் 'லிபர்டி' என்ற சொல், மறுபக்கத்தில் கழுகின் வாலுக்கு அருகேதான் போய் விழும். 1889-ஓ, 1891-ஓ வேம்-1ஏ நாணயங்களில் வாலுக்குக் கீழே இடப்பக்கம் ஒரு 'ஈ' (E) எழுத்து எழும்பி நிற்பது இப்படி வந்ததுதான். அந்த இடத்தில் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், வெறுமனே நேராகப் பார்த்தால் தப்பிவிடும்.

கீறலுக்கு 1890-சிசி வேம்-4, 'டெயில்பார்'. வாலிலிருந்து கீழே இலைவளையம் வரை ஒரு தடித்த கம்பி. கண்டுபிடிக்கச் சுலபம், அதனால் விற்பவர்களுக்கும் தெரியும்.

படி 7: ஒரு அடையாளம் போதாது

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று பொருந்த வேண்டும். வேம் எண் என்பது தலை அச்சும் கழுகு அச்சும் சேர்ந்த ஜோடிக்கான பெயர், ஒரே தலை அச்சு வெவ்வேறு கழுகு அச்சோடு ஜோடி சேர்ந்திருக்கலாம். வருட எண்ணின் இடம், மின்ட் மார்க்கின் சாய்வு, ஏதாவது ஒரு சின்ன மேட்டுக் கோடு, இவை மூன்றும் பட்டியல் படத்தோடு ஒத்துப்போனால் நிம்மதியாகப் பெயர் எழுதலாம். பொருந்தாத ஒன்று இருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பொருந்துவதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள், பொருந்தாததுதான் உண்மையைச் சொல்லும்.

அச்சு தெரிந்தால் கள்ள நாணயமும் தெரியும்

இந்த வேலையை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான். 1893-எஸ் மொத்தம் அடித்ததே 1,00,000. எனவே சாதாரண 1893 நாணயத்தில் எஸ் ஒட்டியும், வருட எண்ணைத் திருத்தியும் ஏமாற்றுகிறார்கள். ஆனால் அசல் 1893-எஸ் அத்தனையும் ஒரே தலை அச்சில் பிறந்தவை. அந்த அச்சில், 'லிபர்டி'யின் 'டி' (T) எழுத்தின் மேல்பகுதியில் பொடிசாக ஒரு சாய்ந்த மேட்டுக் கோடு இருக்கிறது. 'ஆர்' எழுத்தின் இடது காலடியிலும் சின்னத் துணுக்கு உண்டு. எஸ்-ஐப் பார்க்கும் முன் 'டி'-யைப் பாருங்கள். எஸ்-ஐ ஒட்டத் தெரிந்தவனால் இந்தத் தடத்தை ஒட்ட முடியாது.

இன்னொரு சம்பவம். 1896-ஓ, 1900-ஓ, 1902-ஓ வருடங்களில் மிகச் சிறிய ஓ கொண்ட நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் பல காலம் அரிய வகை என்று தேடி வாங்கினார்கள், எண்ணும் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடத்து நாணயத்திலும் கழுகுப் பக்கம் ஒரே அச்சாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டு ஆராய்ந்தபோது அவை பழைய கள்ள நாணயங்கள் என்று தெரிந்தது. 2005-இல் நாணயச் சான்று நிறுவனமான பிசிஜிஎஸ் அவற்றுக்குச் சான்று தருவதை நிறுத்தியது. வெள்ளியில் செய்த கள்ள நாணயம்! 1900-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு டாலருக்குள் இருந்த வெள்ளியின் மதிப்பு அரை டாலருக்கும் குறைவு, நல்ல வெள்ளியில் செய்தாலே லாபம். 1899-ஓவில் வரும் சிறிய ஓ மட்டும் அசல், அதை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணை நம்பி அபூர்வத்தை முடிவு செய்யாதீர்கள். 1918-இன் அமெரிக்கப் பிட்மன் சட்டப்படி 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். அதில் 25 கோடியே 91 லட்சம் டாலருக்கான வெள்ளி, பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்தது. இங்கே நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கிய காலம் அது. உங்கள் பாட்டி பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918, 1919 ரூபாய் இருந்தால், அதன் வெள்ளி ஒரு காலத்தில் மோர்கன் கழுகாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்த அச்சில் பிறந்தவை எத்தனை உருகின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எது அரிது என்று சொல்ல முடிகிறது.

குறிப்பு எழுதும் முறை

நாணயம் ஒன்றுக்கு ஒரு சீட்டு. வருடம், மின்ட் மார்க், எடை, கழுகு ரகம், முதல் 1 நிற்கும் பல், மின்ட் மார்க்கின் சாய்வு, மேட்டுக் கோடுகள் எங்கே. கடைசியில் வேம் எண், சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி. போனில் படம் எடுக்கும்போது விளக்கை இரண்டு பக்கமும் மாற்றி இரண்டிரண்டு படமாக எடுங்கள். விலை உயர்ந்த வகை என்று தோன்றினால் சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். பிசிஜிஎஸ், என்ஜிசி, அனாக்ஸ் மூன்றும் வேம் வகை எழுதித் தருகின்றன, அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சாதாரண வகைக்கு அந்தச் செலவு தேவையில்லை, உங்கள் சீட்டே போதும்.

பட்டியலில் எதனோடும் பொருந்தவில்லை என்றால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புது அச்சுகள் இன்றைக்கும் கண்டுபிடிக்கப்படுகின்றன. சீட்டைத் தனியாக வையுங்கள், அதே வருடத்து நாணயம் இன்னொன்று கைக்கு வரும்போது முதலில் அந்தச் சீட்டை எடுத்து ஒப்பிடுங்கள்.